லாயத்தில் நின்றவர்கள்: சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தின் 182 ஆண்டுகளும் அதன் தொழிலாளரும்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சனிக்கிழமை, கிராஞ்சித் திடலில் பத்துப் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றுள் தலையாயது சிங்கப்பூர்த் தங்கக் கிண்ணத்தின் 100ஆவது ஓட்டம். அன்றைய மாலையோடு, 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் இந்தத் தீவில் முடிவுக்கு வந்தது. வென்ற குதிரையின் பெயரும் அதன் மேல் அமர்ந்த ஜாக்கியின் பெயரும் மறுநாள் நாளிதழ்களில் வெளிவந்தன. அவை இனி ஆவணக் காப்பகத்தில் நிலைத்திருக்கும். அக்குதிரைக்கு விடியுமுன் தீனி வைத்தவர், அதன் காலைத் தடவிச் சூட்டை அறிந்தவர், குளிப்பாட்டித் துவட்டித் திடலுக்கு நடத்தி வந்தவர் ஆகியோரின் பெயர்களை எங்கே தேடுவது? இந்தக் கட்டுரை அவ்வினாவை முன்வைத்து எழுதப்படுகிறது.

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் உரிமையாளரிடமிருந்தும் கட்டடங்களிலிருந்தும் தொடங்குவர். ஆவணங்கள் அங்கேதான் மிகுதியாக உள்ளன என்பதே காரணம். குதிரைப் பந்தயத்தில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதல். இங்குக் குதிரையின் வமிசாவளியே பல தலைமுறைக்கு எழுதி வைக்கப்படுகிறது. குதிரைக்காரரின் வமிசாவளியை எவரும் எழுதி வைப்பதில்லை.

தமிழர் அறிந்த பரி

தமிழருக்குக் குதிரை கடல்வழி வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல் கடந்து வந்த குதிரைகள் இறங்கியதைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. இடைக்காலத்தில் குதிரை வாணிகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் குதிரைச் செட்டிகள் எனப்பட்டனர். பாண்டியன் கொடுத்த பொருளோடு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையும், நரி பரியான திருவிளையாடலும், அரசின் கருவூலத்தில் குதிரைக்கு எத்துணைப் பெரும் பங்கு ஒதுக்கப்பட்டது என்பதை மறைமுகமாகச் சொல்லுகின்றன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இதே செய்தியின் மறுபக்கத்தை எழுதினார். அரசர்கள் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை வாங்குகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகப் பல மடிந்துவிடுகின்றன. அவற்றைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் இல்லாமையே காரணம் என்பது அவர் கூற்று. அதில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆயினும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று அதில் உண்டு. பொன் கொடுத்தால் குதிரை கிடைத்துவிடும். அதை உயிரோடு வைத்திருக்கும் அறிவு அவ்வாறு கிடைக்காது. அது மனிதரின் கையிலும் கண்ணிலும் பல்லாண்டுப் பழக்கத்தால் ஊறி வருவது. குதிரையைப் பேணுபவரைக் குறிக்க வாதுவர் என்றொரு பழஞ்சொல்லே தமிழில் இருந்தது. இன்று அச்சொல் அகராதியில் மட்டும் வாழ்கிறது.

முதல் திடல்: ஃபேரர் பார்க்

சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற பெயரில் பந்தயக் கழகம் 1842இல் நிறுவப்பட்டது. வில்லியம் ஹென்றி மெக்லியோட் ரீட் என்னும் ஸ்காட்லாந்து வணிகரும் அவருடைய நண்பர்களும் அதற்கு முன்னின்றனர். 1843 பிப்ரவரி 23ஆம் நாள் முதற்பந்தயம் நடந்தது. பரிசுத் தொகை 150 டாலர். சிராங்கூன் சாலையை ஒட்டிய சதுப்பு நிலத்தில் அமைந்த அந்தத் திடல், இன்று நாம் தேக்கா, லிட்டில் இந்தியா என்றழைக்கும் வட்டாரத்தின் வளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. ஐரோப்பியர் சிலர் திடலருகே வீடு கட்டிக்கொண்டனர். கால்நடை வாணிகமும் அதே வட்டாரத்தில் தழைத்தது. விலங்கைப் பேணும் தொழிலுக்கு ஆள் வேண்டியிருந்தது; இந்தியத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். இன்றும் ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரில் அத்திடல் வாழ்கிறது. அச்சாலையில் உணவருந்தச் செல்லும் நம்மில் பலர், அப்பெயர் ஏன் வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்காலத்தில் குதிரை பந்தயத்திற்கு மட்டும் உரியதன்று. நகரமே குதிரையால் இயங்கியது. வாடகை வண்டிகளை இழுத்தவை சுமத்ராவிலிருந்து வந்த மட்டக்குதிரைகள். அவ்வண்டிகளை நடத்தியவருள் தென்னிந்தியர் குறிப்பிடத்தக்க தொகையினர். குதிரைக்காரர் வண்டியில் அமராமல், குதிரையின் தலைப்பக்கமாக உடன் ஓடியே வண்டியைச் செலுத்திய வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு வந்த ஐரோப்பியர் வியப்போடு எழுதியுள்ளனர். வெப்ப மண்டலத்தின் நடுப்பகலில் குதிரைக்கு இணையாக ஓடிய அம்மனிதர்களின் பெயரை அவர்கள் எழுதவில்லை. சைஸ் என்ற பொதுப்பெயரோடு நிறுத்திக்கொண்டனர்.

சைஸ் என்ற சொல்லே ஒரு வரலாறு. அரபு மொழியில் பிறந்து, இந்துஸ்தானியில் புகுந்து, ஆங்கிலேயரின் நாவிலேறி, மலாயில் சாயிஸ் என நிலைபெற்றது. அத்தொழிலைச் செய்தவர்களும் அச்சொல்லைப் போலவே பல கரைகளிலிருந்து வந்தவர்கள். ஜாவாக் கடலிலுள்ள பாவியான் தீவின் மக்கள் சிங்கப்பூரில் குதிரைக்காரர்களாகவும் பின்னர் மோட்டார் வாகன ஓட்டுநர்களாகவும் பெயர் பெற்றனர். அவர்களோடு தமிழரும் பிற இந்தியரும் லாயங்களில் தோளோடு தோள் நின்று உழைத்தனர். பல இனத்தவர் ஒரே கூரையின் கீழ் ஒரே தொழிலைக் கற்ற இடங்களுள் லாயமும் ஒன்று. நம் நாட்டு இன நல்லிணக்கத்தைப் பேசும் பாடநூல்கள் சந்தையையும் பள்ளியையும் குறிப்பிடும்போது லாயத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

அத்திடல் குதிரைகளை மட்டும் காணவில்லை. 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது அங்கேதான். பந்தயம் அங்கிருந்து நீங்கிய பின், 1942 பிப்ரவரி 17ஆம் நாள், சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் பல்லாயிரக்கணக்கான வீரர்கள் ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அத்திடலிலிருந்து தொடங்குகிறது.

புக்கிட் தீமாவும் மலாயாவின் பந்தயச் சுற்றும்

1924இல் கழகம் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் எனப் பெயர் மாறியது. நகரம் வளர வளர ஃபேரர் பார்க் நெருக்கடிக்குள்ளாயிற்று. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன் அந்நிலம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. தோட்டத்தை அழித்துத் திடல் அமைத்ததை ஒரு காலமாற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாம். அங்கே லாயங்களை அடுத்துத் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. குதிரையை விட்டு அகல முடியாத தொழிலாகையால், வீடும் வேலையிடமும் ஒன்றாகவே இருந்தன.

சிங்கப்பூர் இத்தொழிலில் தனித்து நிற்கவில்லை. பினாங்கில் 1864இலும், பேராக்கில் 1886இலும், கோலாலம்பூரில் 1896இலும் பந்தயக் கழகங்கள் தோன்றின. 1896இலேயே அவற்றை இணைக்கும் சங்கம் ஒன்று உருவாகி, பிற்காலத்தில் மலாயாப் பந்தயச் சங்கமாக வளர்ந்தது. ஒரு வாரம் ஈப்போ, மறு வாரம் பினாங்கு, பின்பு கோலாலம்பூர், சிங்கப்பூர் எனப் பந்தயம் ஊர் ஊராகச் சுற்றியது. குதிரைகள் பயணம் செய்தன. அவற்றோடு குதிரைக்காரர்களும் பயணம் செய்தனர். 1965இல் இரு நாடுகள் பிரிந்த பின்னும் ஒரே விதிகளின் கீழ் இச்சுற்று நீடித்தது. அரசியல் எல்லை பிரித்த ஒரு தொழிலுலகத்தை லாயங்கள் நெடுங்காலம் ஒன்றாக வைத்திருந்தன.

இந்தச் சுற்றுக்கு வந்த குதிரைகளுள் மிகப் பல ஆஸ்திரேலியாவில் பிறந்தவை. குளிர்ந்த புல்வெளியில் வளர்ந்த உயிர் நம் வெப்பத்திற்கும் ஈரக்காற்றிற்கும் வந்து சேரும்போது ஒரு பெருஞ்சிக்கல் நேரும். சில குதிரைகளுக்கு வியர்ப்பது நின்றுவிடும். குதிரையின் உடற்சூடு வியர்வையால்தான் பெரும்பாலும் தணிகிறது. வியர்வை நின்றால் அது மூச்சிரைத்துத் தளர்ந்து, ஓடத் தகுதியற்றதாகிவிடும், சிலபோது உயிருக்கே ஆபத்தாகும். இதை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர்; நாள்தோறும் கழுத்தையும் விலாவையும் தேய்ப்பவர்தான். ரோமம் உலர்ந்து சொரசொரப்பாகியிருப்பதை அவருடைய உள்ளங்கை அறியும்.

பயிற்சி விடியுமுன் தொடங்குவதும் இந்த வெப்பத்தால்தான். இருளிலேயே லாயத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வார்கள். முந்தைய இரவின் தீனித் தொட்டியில் மிச்சம் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். உண்ணாத குதிரை ஏதோ ஒரு நோவைச் சொல்லுகிறது. நான்கு கால்களையும் கையால் நீவி, எங்கேனும் சூடோ வீக்கமோ உண்டா என்று அறிவார்கள். பயிற்சி ஓட்டம் முடிந்ததும் குதிரையை உடனே நிறுத்திவிடாமல் நடத்தியே சூடு தணிப்பார்கள். பிறகு குளியல், தீனி, குளம்புப் பராமரிப்பு. பந்தயம் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்திற்குப் பின்னால் வாரக்கணக்கான இந்த உழைப்பு நிற்கிறது.

கிராஞ்சி: உச்சமும் சரிவும்

புக்கிட் தீமாவையும் நகரம் சூழ்ந்துகொண்டது. மீண்டும் இடப்பெயர்ச்சி நிகழ்ந்தது. ஏறத்தாழ 50 கோடி வெள்ளிச் செலவில், 30,000 பேர் அமரத்தக்க மாடத்தோடு, தீவின் வடகோடியான கிராஞ்சியில் புதிய திடல் எழுந்து 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே பயிற்சி பெற்ற ராக்கெட் மேன் என்னும் குதிரை 27 பந்தயங்களில் ஓடி இருபதில் வென்றது. 2011இல் துபாய் சென்று அங்குப் புகழ்பெற்ற குறுந்தொலைவுப் பந்தயத்தையும் வென்றது. சிறிய தீவொன்றின் லாயத்திலிருந்து உலக அரங்கை வெல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் அப்போதே சரிவும் தொடங்கியிருந்தது. 2010இல் சிங்கப்பூரின் இரு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அவ்வாண்டில் பந்தய நாளொன்றுக்குச் சராசரியாக 11,000 பேர் திடலுக்கு வந்தனர்; 2019இல் அது 6,000 ஆகக் குறைந்தது; பெருந்தொற்றுக்குப் பின் ஏறத்தாழ 2,600 பேரே வந்தனர். இளைய தலைமுறை வேறு பொழுதுபோக்குகளை நாடியது. மறுபக்கம், வீட்டு நிலத்தின் தேவை பெருகியது. 2023 ஜூன் 5ஆம் நாள் அரசின் அறிவிப்பு வெளியாயிற்று: 120 ஹெக்டர் நிலம் வீடமைப்புக்கும் பிற பயன்களுக்கும் 2027 மார்ச் மாதத்திற்குள் திரும்ப ஒப்படைக்கப்படும். அந்நேரத்தில் கழகத்தின் ஊழியர் ஏறத்தாழ 350 பேர். குதிரைகள் ஏறத்தாழ 700. இவர்களன்றிப் பயிற்றுநர்களும், அவர்களை நம்பி வாழ்ந்த லாயத் தொழிலாளரும், லாடம் அடிப்போரும், தீவன வணிகரும் இருந்தனர். லாயத் தொழிலாளருள் பலர் மலேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள்.

இழப்பீடும், மாற்றுப் பணிக்கான பயிற்சியும், குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான உதவியும் அறிவிக்கப்பட்டன. அவை தேவையானவை. எனினும் இத்தொழிலின் இயல்பையும் நாம் நோக்க வேண்டும். சிங்கப்பூரில் பந்தயக் குதிரை வளர்ப்புப் பண்ணை இல்லை. ஓய்வுபெற்ற குதிரை மேய்வதற்குப் பரந்த புல்வெளியும் இல்லை. எல்லாக் குதிரையும் வெளியிலிருந்து வந்து, வெளியே போக வேண்டியதே. ஆகையால் திடல் மூடப்பட்டதும், குதிரையை நம்பிய கைத்திறனுக்கு இத்தீவில் சில குதிரையேற்றப் பள்ளிகளன்றி வேறு புகலிடமில்லை. இருபதாண்டு லாயத்தில் நின்றவர் கிடங்கில் வேலைக்குச் சேரலாம். உள்ளங்கையில் சேர்த்துவைத்த அறிவு கிடங்கில் பயன்படாது.

இது சிங்கப்பூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மக்காவ் தன் பந்தயத்தை 2024இல் நிறுத்தியது. 160 ஆண்டு கடந்த பினாங்குக் கழகமும் பந்தயத்தை நிறுத்தி விலகும் வழியையே தேர்ந்தது. கோலாலம்பூரில் அம்பாங் சாலையிலிருந்த பழைய பந்தயத் திடல் 1990களிலேயே சுங்கை பீசிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அந்த நிலத்தில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. சுற்றிலிருந்து ஓர் ஊர் விலகினால் எஞ்சிய ஊர்களுக்கும் குதிரை குறையும், உரிமையாளர் குறைவர், வேலை குறையும். சங்கிலியின் கண்ணி ஒன்று அறுந்தால் மற்றவையும் தளர்வது இயல்பே.

சூதும் உழைப்பும்

இங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு வினாவை எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். குதிரைப் பந்தயம் சூதைச் சார்ந்ததல்லவா? திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து அதன் கேட்டைச் சொன்னார். சம்பள நாளன்று திடலுக்குச் சென்று வெறுங்கையோடு வீடு திரும்பிய தந்தையரின் கதைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. அப்படியிருக்க, அத்தொழில் மறைந்ததற்கு வருந்துவானேன்?

இவ்வினாவைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பந்தயத்தின் வருவாய் பந்தயம் கட்டியவர்களின் பணமே. பரிசுத் தொகையும் லாயத்தின் ஊதியமும் அந்த ஊற்றிலிருந்தே வந்தன. ஆயினும் இரண்டு செய்திகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம். முதலாவது, கிராஞ்சி மூடப்பட்ட பின்னும் வெளிநாட்டுப் பந்தயங்களின் மீது பணம் கட்டும் வசதியைச் சிங்கப்பூர் பூல்ஸ் தொடர்ந்து வழங்குகிறது. சூதாட்டக் கூடங்களும் தொடர்கின்றன. ஆக, மறைந்தது சூதன்று. குதிரையும் அதைப் பேணிய மனிதரின் வேலையுமே மறைந்தன. சூதை வெறுப்பவர் இதில் மகிழ்வதற்கு ஏதுமில்லை. இரண்டாவது, லாயத்தில் நின்றவர் விற்றது சூதையன்று. நோயறியும் கண்ணையும், பேசாத உயிரின் அச்சத்தைத் தணிக்கும் பொறுமையையும், விடியுமுன் எழும் ஒழுங்கையும் அவர் விற்றார். ஒரு தொழிலின் வருவாய் எங்கிருந்து வந்தது என்ற அறக்கேள்வியும், அதில் உழைத்தவரின் திறன் எத்தகையது என்ற வரலாற்றுக் கேள்வியும் வெவ்வேறானவை. முதற்கேள்வியின் கடுமையால் இரண்டாவதை மூடிவிடுவது வரலாற்றாசிரியருக்கு அழகன்று.

அதே வேளையில் அத்தொழிலைப் பொற்காலமாகப் பாடவும் தேவையில்லை. குதிரையின் உதை, கடி, இடையறாத வேலை நேரம், முதலாளியின் வெற்றி தோல்வியோடு ஏறியிறங்கிய வருவாய் ஆகியவை அத்தொழிலாளரின் வாழ்வில் கலந்திருந்தன. நிலம் சிறிதான நாடு வீடுகளுக்கு முதலிடம் கொடுத்ததையும் எளிதில் குறைகூற இயலாது. புக்கிட் தீமாவின் பழைய திடலில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரை எழும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய பார்வையாளர் மாடங்களைத் தக்கவைக்கும் எண்ணமும் கூறப்பட்டது. மாடத்தில் அமர்ந்தவர்களின் நினைவு இவ்வாறு காக்கப்படும். லாயத்தில் நின்றவர்களின் நினைவைக் காப்பது யார்?

நமக்குரிய கடமை

இரண்டு முறை நகரம் தள்ளியபோது பந்தயம் மேலும் தொலைவிற்குச் சென்றது: சிராங்கூனிலிருந்து புக்கிட் தீமா, அங்கிருந்து கிராஞ்சி. மூன்றாம் முறை செல்லத் தீவில் இடமில்லை. கட்டடங்களும் படங்களும் ஏதோ ஒரு வகையில் எஞ்சும். லாயத்தில் தமிழும் மலாயும் சீனமும் ஆங்கிலமும் கலந்து புழங்கிய சொற்களோ, அவற்றைப் பேசியவர்கள் கலைந்து செல்லும்போது உடன் செல்லும். குதிரையை அடக்கும்போது எழுப்பிய ஒலி, குளம்பு நோய்க்கு வழங்கிய பெயர், முரட்டுக் குதிரைக்கு இட்ட செல்லப்பெயர் முதலியவை எந்த விதிநூலிலும் இல்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பல தொழிலினரின் நினைவுகளைத் திரட்டி வருகிறது. அம்முயற்சிக்குத் தமிழ்ப் பள்ளிகளும் கல்லூரிகளும் தோள்கொடுக்கலாம். உயர்நிலை மாணவர் மூவர் சேர்ந்து ஒரு முன்னாள் லாயத் தொழிலாளரைச் சந்திக்கலாம். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், எந்தக் குதிரையை மறக்க முடியவில்லை, லாயத்தில் எம்மொழியில் பேசிக்கொண்டீர்கள், அக்டோபர் 5க்குப் பின் எங்கே வேலைக்குச் சென்றீர்கள் என ஐந்து வினாக்களைக் கேட்டாலே போதும். அவர் இசைந்தால் ஒலிப்பதிவு செய்து, அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னவாறே எழுதி, பெயரோடும் நாளோடும் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். இது பெரும்பொருள் வேண்டும் பணியன்று. விரைவு மட்டுமே வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஊர் திரும்புகின்றனர், முதியோரின் நினைவும் காத்திருப்பதில்லை.

பாண்டியரின் குதிரைகளைப் பற்றி நாம் அறிவதற்கு ஓர் அயல்நாட்டுப் பயணியின் குறிப்பை நாட வேண்டியிருக்கிறது. கிராஞ்சியின் குதிரைகளையும் அவற்றைப் பேணியவர்களையும் பற்றி நாளைய மாணவர் அறிய, நாமே எழுதிய குறிப்பு ஒன்று இருக்கட்டும்.